ஜெர்மன்காரனின்ர முழுத் தகடு

1

போன செவ்வாய்க்கிழமையிலயிருந்து எனக்கு இருப்புக் கொள்ளேல்லை. வீட்டுத் திறப்புக்குப் பிரதி கேட்ட ஒரு மனுசனுக்கு, அவரின்ர கோர்வையில இருந்த தபால்பெட்டித் திறப்பைப் பாத்து வெட்டிக் குடுத்து அனுப்பியிருக்கிறன். மனுசன் திரும்பி வந்து கதவு திறக்கேல்லையெண்டு பிரெஞ்சில ஏசினதுக்கு, நான் சிரிச்சுக்கொண்டு நிண்டனாம். என்ர மனுசி சாந்தி சொல்லுறா, "உங்கட மண்டைக்குள்ள இப்ப ஜெர்மன் ஆமிதான் குடியிருக்குது" எண்டு. மெய்தான். அதை இறக்கி வைக்கத்தான் உங்களுக்கு எழுதுறன்.

ஊரில இருக்கிற நீங்கள், இவர் வழக்கமா பனி கொட்டுது, முதுகு நோகுது எண்டுதானே எழுதுறவர், இதென்ன புதுசாச் சண்டைக் கதை எண்டு கேப்பியள். பொறுங்கோ, முதலிலயிருந்து சொல்லுறன்.

என்னைத் தெரியாத ஆக்களுக்கு: மொன்றியல் டவுன்டவுனில, மெட்ரோவின்ர பச்சைக் கோட்டில ஒரு நிலையத்துக்குப் பக்கத்தில, நிலத்துக்குக் கீழ ஓடுற கடைப்பாதையில எனக்கொரு பெட்டிக்கடை. திறப்பு வெட்டுறது, சப்பாத்துக்கு அடி போடுறது, நாயின்ர கழுத்தில கட்டுற தகட்டில பேர் பொறிக்கிறது. இந்த ஊர் நாய்கள் எல்லாத்துக்கும் பேர், முகவரி, தொலைபேசி இலக்கம் எல்லாம் இருக்குது. ஒரு நாய் துலைஞ்சால் இரண்டு மணித்தியாலத்தில வீடு போய்ச் சேர்ந்திடும்.

போன வருசம் இதே நவம்பர் மாசம். சண்டையில செத்தவையின்ர நினைவுக்குச் சனம் எல்லாம் உடுப்பில சிவப்புப் பொப்பிப் பூக் குத்திக்கொண்டு திரிஞ்ச கிழமை. எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு மதாம் வந்தா. நல்ல நிமிர்ந்த நடை, தோல் கையுறை, கோட்டில பூ. பேர் ஜிலேன். "பொன்ஜூர்" சொல்லிப்போட்டு, கைலேஞ்சி ஒண்டை விரிச்சு, உள்ள இருந்த சாமானை என்ர மேசையில வைச்சா.

ஒரு நீள்வட்டத் தகடு. சாம்பல் நிறம். நடுவால நீட்டுக்கு மூண்டு வெட்டு. வெட்டுக்கு மேலயும் அதே எழுத்தும் இலக்கமும், கீழயும் அதே எழுத்தும் இலக்கமும்.

"இதை இந்த நடுக்கோட்டால இரண்டாய் முறிச்சுத் தருவியளோ, மிஸ்யூ?" எண்டு கேட்டா. அவா கதைச்சது பிரெஞ்சு, நான் எங்கட தமிழில எழுதுறன். "எனக்கு இரண்டு பெடியள். ரெண்டு பேருக்கும் ஐம்பது தாண்டியிட்டுது, இன்னும் இதுக்குச் சண்டை. நத்தார்ப் பண்டிகைக்கு ஆளுக்குப் பாதி குடுத்திட்டால் என்ர தலையிடி போயிடும். பாருங்கோ, முறிக்கிறதுக்கெண்டே செய்து வைச்சிருக்கினம்."

நான் குறட்டை எடுக்கக் கை நீட்டினன். நீட்டின கை அப்பிடியே நிண்டிட்டுது. உது ஜெர்மன் ஆமிக்காரன் கழுத்தில போடுற தகடு. அதுவும் முழுசு.

"மதாம், நான் இதை முறிக்க மாட்டன்" எண்டு சொன்னன்.

2

எனக்கு அது எப்பிடித் தெரியுமெண்டு கேளுங்கோ. மொன்றியலில எத்தினையோ பேர் திறப்பு வெட்டுகினம், அவைக்குத் தெரிஞ்சிருக்காது. நான் ஜெர்மனிக்கால வந்த ஆள்.

எண்பதுகளின்ர நடுவில எங்கட பெடியள் வந்த பாதை உங்களில கனபேருக்குத் தெரியும். மொஸ்கோ, கிழக்கு பெர்லின், பேந்து ரயில் ஏறி மேற்குப் பக்கம். அங்க எங்களை ஒரு பழைய ஆமி முகாமில கொண்டுபோய் விட்டவை. இட்லரின்ர காலத்தில கட்டின கட்டிடமாம். ஊரில ஆமிக்குப் பயந்து வெளிக்கிட்டு வந்து ஆமி முகாமிலயே படுத்தெழும்பினது எங்களுக்கு ஒரு பெரிய பகிடி. சுவரில ஆமிக்காரங்கள் துவக்குச் சாத்தின கொளுக்கியள் இருந்தது. நாங்கள் அதில சாரம் காயப்போட்டம்.

அந்த முகாமைப் பராமரிக்கிற, எங்கட கண்ணுக்குக் கிழவராத் தெரிஞ்ச ஒராள் இருந்தார். சத்தம் போட்டபடி திரிவார், அதாலை நாங்கள் வைச்ச பேர் கேர்ணல். மனுசன் கேர்ணலும் இல்லை, ஒண்டும் இல்லை. இரண்டாவது உலகச் சண்டை முடியேக்க அவருக்குப் பன்னிரண்டு வயது. எனக்கு ஜெர்மன் நாலு சொல்லு வந்தவுடன அவரோட கதை குடுக்கத் தொடங்கினன். எங்கட ஊரில ஒருத்தன் விண்ணன் எண்டால் "அவன் ஒரு எம்டன்" எண்டு சொல்லுவினம், அது முதலாவது சண்டையில மெட்ராசுக்குக் குண்டடிச்சிட்டு எங்கட கடல்பக்கம் சுத்தித் திரிஞ்ச உங்கட கப்பலின்ர பேர் எண்டு ஒருநாள் சொன்னன். மனுசன் நம்பேல்லை. மூண்டு தரம் திருப்பிக் கேட்டார். பேந்து சிரிச்ச சிரிப்பில இருமல் வந்திட்டுது. தன்ர தகப்பன் அந்த முதலாவது சண்டையில விசவாயு குடிச்சு, பிறகு வாழ்நாள் முழுக்க இருமினவர் எண்டு இருமி முடியச் சொன்னார்.

அண்டைக்குத்தான் தன்ர அறைக்குக் கூப்பிட்டவர். மேசைக்கு மேல ஆணியில ஒரு தகட்டுத் துண்டு தொங்கினது. அரைவாசி. முறிச்ச இடம் பல்லுப் பல்லாய் இருந்தது.

"அண்ணன்ர" எண்டார். "ரஷ்யாவில. ஆள் செத்தால் பக்கத்தில நிக்கிறவன் கீழ்ப்பாதியை முறிச்சு ஆமிக் கந்தோருக்கு அனுப்புவான். மேல்பாதி அவன்ர கழுத்தோட மண்ணுக்குள்ள போகும். எங்கட அம்மா பதினாலு மாசம் கதவைப் பூட்டாமல் படுத்தவா. இது வந்தாப்பிறகுதான் கதவைப் பூட்டினவா. நாங்கள் குடுத்து வைச்சனாங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒண்டும் வரேல்லை."

குடுத்து வைச்சனாங்கள் எண்டு மனுசன் சொன்னது எனக்கு அப்ப விளங்கேல்லை. அரைத் தகடு வாறதில என்ன குடுப்பினை எண்டு நினைச்சன். எனக்கு அப்ப இருபத்திரண்டு வயது, ஊரில எல்லாரும் உயிரோட இருந்தவை.

3

மதாமுக்கு இதையெல்லாம் எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சில மூச்சு விடாமல் சொன்னன். சப்பாத்துக்குக் காத்துக்கொண்டு நிண்ட ஒரு பெட்டை வெறுங்காலோட நிண்டு கேட்டவள். "அரைவாசி வீட்டுக்கு, அரைவாசி குழிக்கு. முழுசா இஞ்ச இருக்குதெண்டால் வீட்டுக்கும் போகேல்லை, குழிக்கும் போகேல்லை. அவன் ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியாமல்தான் கிடக்கிறான்" எண்டு முடிச்சன்.

மதாமின்ர முகம் இறுகிச்சுது. "இல்லை, மிஸ்யூ. இது செத்தவன்ர இல்லை. என்ர அப்பா கியூபெக் பட்டாளத்தோட பிரான்சுக்கு, நோர்மண்டிக்குப் போனவர். அங்க பிடிபட்ட ஒரு ஜெர்மன்காரன் சிகரெட்டுக்கு மாத்தித் தந்தது. எங்கட வீட்டில எல்லாருக்கும் தெரிஞ்ச கதை."

அப்பிடியும் நடந்திருக்கலாம். பிடிபட்டவன் சிகரெட்டுக்கு எதையும் குடுப்பான். அப்பிடியெண்டால் அவன் உயிரோட வீடு போய், கலியாணம் கட்டி, பிள்ளை பெத்து, வயது போய்ச் செத்திருப்பான். கோபப்பட ஒண்டும் இல்லை.

"ஜெர்மனியில இந்த இலக்கங்களைப் பதிஞ்சு வைச்சிருக்கிற ஒரு அரச கந்தோர் இருக்குது மதாம். நான் எழுதிக் கேக்கட்டோ? அவன் வீடு போனவன் எண்டு தெரிஞ்சால் நானே முறிச்சுத் தாறன்."

அவா கைலேஞ்சியை மடிச்சுக் கோட்டுக்குள்ள வைச்சா. பேந்து, "நத்தாருக்கு முதல்" எண்டு சொல்லிப்போட்டுத் தகட்டை என்னட்டையே விட்டிட்டுப் போயிட்டா. பற்றுச்சீட்டுக் கூடக் கேக்கேல்லை.

அண்டைக்கு நான் ஓட்டமும் நடையுமாத்தான் வீட்டை போனன். மகள் அபிக்கு இருபத்திமூண்டு வயது, பல்கலைக்கழகம் படிக்கிறாள். சிநேகிதியளோட பிரெஞ்சு, தம்பியோட இங்கிலிஷ், பசிச்சால் தாயோட தமிழ். தகட்டை மேசையில வைச்சு, "பிள்ளை, இதை இரண்டு பக்கமும் படம் எடு" எண்டன். படம் எடுத்தாள். எடுத்துப்போட்டு, "அப்பா, இவை நாசிகள். உங்களுக்கு ஏன் இது?" எண்டு பிரெஞ்சில கேட்டாள்.

நியாயமான கேள்விதான். அந்தப் பட்டாளம் செய்த அநியாயத்துக்கு அளவில்லை, அதை அவள் பள்ளிக்கூடத்தில படிச்சவள். நான் மறுக்கேல்லை. "அவன் என்ன செய்தவனெண்டு எனக்குத் தெரியாது பிள்ளை. அவன்ர தாய் கதவைப் பூட்டினவாவோ எண்டதுதான் எனக்குத் தெரியவேணும்" எண்டு சொன்னன். அவளுக்கு விளங்கேல்லை, தோளைக் குலுக்கிப்போட்டுப் போயிட்டாள்.

கடிதம் எழுதிறது பெரும்பாடாப் போச்சுது. நான் ஜெர்மன் பழகினது எட்டு வருசம் வேலை செய்த ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில. அங்க ஆரும் ஆரையும் நீங்கள் எண்டு சொல்லுறேல்லை. இன்னும் ஜெர்மனியில, புறேமனில இருக்கிற என்ர முகாம் கூட்டாளி சிவத்துக்குத் தொலைபேசியில வாசிச்சுக் காட்டினன். அவன் பாதியிலயே நிப்பாட்டினான். "டேய், உது கந்தோருக்கு எழுதுற கடிதமோ, உருளைக்கிழங்கை உடன இறக்கு எண்டு சொல்லுற கடிதமோ? நீ, வா, போ எண்டெல்லே கிடக்குது." அவன்தான் திருத்தித் தந்தான். கடிதத்தோட நிரப்ப ஒரு படிவமும் இருந்தது. அது சுகம், ஒரு மூச்சில நிரப்பிப் போட்டன்.

4

நத்தார் வந்தது, போச்சுது. மறுமொழி இல்லை. மதாம் இரண்டுதரம் வந்து எட்டிப் பாத்தா. பெடியளுக்கு இரண்டு பேருக்கும் கம்பளிச் சட்டை வாங்கிக் குடுத்தாவாம்.

மாசியில கடிதம் வந்தது. நான் கோட்டும் கழட்டாமல் வாசலில நிண்டு உடைச்சன். ஒரேயொரு பக்கம். வாசிச்சன். எனக்கு ஒண்டும் ஓடேல்லை. திரும்ப வாசிச்சன்.

"விண்ணப்பத்தில் தாங்கள் தேடப்படுபவரின் சகோதரர் எனக் குறிப்பிட்டுள்ளீர்கள். தேடப்படுபவர் பிறந்த ஆண்டு 1925. தாங்கள் பிறந்த ஆண்டு 1963, பிறந்த இடம் யாழ்ப்பாணம். தயவுசெய்து விளக்கம் தரவும்."

முதலில நான் கத்தினது சந்தோசத்தில. பிறந்த ஆண்டு தெரியுமெண்டால் ஆளைப் பிடிச்சிட்டினம். எண்பது வருசத்துக்குப் பிறகு அந்த இலக்கத்துக்கு ஒரு மனுசன் வந்திட்டான். சாந்தி குசினிக்குள்ளயிருந்து அகப்பையோட ஓடி வந்தா, லொத்தர் விழுந்ததாக்கும் எண்டு.

அபி தன்ர தொலைபேசியில கடிதத்தை மொழிபெயர்த்து வாசிச்சாள். வாசிச்சுப்போட்டு விழுந்து விழுந்து சிரிச்சாள். "அப்பா, நீங்கள் ஜெர்மன் ஆமிக்காரன்ர தம்பியோ? உறவுமுறை எண்ட இடத்தில ஏன் சகோதரன் எண்டு எழுதினீங்கள்?"

ஏன் எழுதினன்? நான் யோசிச்சு எழுதேல்லை. கை எழுதிப்போட்டுது. எத்தினை படிவம். என்ர சின்னண்ணை தொண்ணூறுகளின்ர தொடக்கத்தில சாமான் எடுத்து வாறன் எண்டு சைக்கிளில வெளிக்கிட்டவர், பேந்து வரேல்லை. நான் அப்ப ஜெர்மனியில. அண்டையிலயிருந்து காணாமல் போனவையைத் தேடுற படிவம் எங்க கண்டாலும் நிரப்புவன். தமிழில, இங்கிலிஷில, ஜெர்மனில, இஞ்ச வந்தாப்பிறகு பிரெஞ்சில. காணாமல் போனவருக்கு நீர் என்ன உறவு? சகோதரன். நாலு மொழியில அந்த ஒரு சொல்லை எழுதிப் பழகின கை, ஜெர்மன்காரனுக்கும் அதையே எழுதியிட்டுது.

இதை அபிக்குச் சொன்னன். சின்னண்ணையின்ர படம் வீட்டில மாட்டியிருக்குது, ஆனால் மாலை போடுறேல்லை. ஏன் மற்றப் படங்களுக்குப் போட்டு அதுக்கு மட்டும் போடுறேல்லை எண்டு அவள் ஒருநாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அண்டைக்குச் சிரிப்பை நிப்பாட்டிப்போட்டு என்ர பக்கத்தில வந்து இருந்தாள். கடிதத்தைத் தன்ர பக்கம் இழுத்தாள். பேந்து, "விளக்கம் நான் எழுதுறன் அப்பா. இங்கிலிஷில எழுதினால் அவைக்கு விளங்கும்தானே?" எண்டு தமிழில கேட்டாள். அவளுக்குப் பசியும் இல்லை.

5

சித்திரையில முழு மறுமொழி வந்தது. தகட்டுக்காரன் பத்தொன்பது வயதுப் பெடியன். நாப்பத்தி நாலாம் ஆண்டு ஆவணியில நோர்மண்டியில காணாமல் போனவன். சிறைபிடிபட்டவையின்ர பட்டியலில பேர் இல்லை. புதைச்சவையின்ர பட்டியலிலயும் இல்லை. தங்கச்சி ஒராள் இன்னும் இருக்கிறா, தொண்ணூறு தாண்டியிட்டுது. சில வருசத்துக்கொருக்கால் எழுதிக் கேட்டுக்கொண்டே இருக்கிறவாவாம். கடிதம் எழுதினால் சேர்ப்பிப்பினமாம்.

கடைசிப் பந்திதான் முக்கியம். அந்தப் பகுதியில பேர் இல்லாமல் புதைச்ச ஆக்களும் இருக்கினம், புதைக்காமல் விட்ட ஆக்களும் இருக்கினம். தகடு எந்த இடத்தில, எப்பிடி எடுபட்டதெண்டு தெரிஞ்சால் தேடலாம். தெரியாட்டி ஒண்டும் செய்யேலாது.

நான் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தகட்டையும் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு மதாமின்ர வீட்டுக்குப் போனன். வில்லரேப் பகுதியில, வெளியால இரும்புப் படி வைச்ச இரண்டாம் மாடி. நல்ல சந்தோசமா வரவேற்றுக் கோப்பி ஊத்தித் தந்தா. நான் கடிதத்தைப் பிரெஞ்சில சொல்லச் சொல்ல, அவா கோப்பியைக் கீழ வைச்சா.

"பிடிபட்டவன் பட்டியலில இல்லை எண்டால், பட்டியல் பிழை."

"இருக்கலாம் மதாம். ஆனால் உங்கட அப்பா ஏதாவது ஊர், இடம் சொன்னவரோ? சிகரெட் குடுத்த இடமெண்டாலும் பரவாயில்லை."

"நீங்கள் என்ன சொல்ல வாறியள்? என்ர அப்பா செத்தவன்ர கழுத்தில கழட்டினவர் எண்டோ? அவர் மாதா கோயிலில பூசைக்கு உதவி செய்த மனுசன். அம்பது வருசம் இந்தத் தெருவில ஒருத்தரோடயும் வாய் காட்டாமல் இருந்தவர்."

"நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"சொல்லிப்போட்டியள், மிஸ்யூ." எழும்பிக் கதவைத் திறந்து பிடிச்சா. தகடு மேசையிலயே கிடந்தது, அது அவவின்ர சாமான். நான் படியால இறங்கினன்.

வீட்டை வந்து புலம்பினதுக்குச் சாந்தியிட்டையும் வாங்கிக் கட்டினன். "இஞ்சாருங்கோ, ஒரு வயது போன மனுசியின்ர தகப்பனை இந்த வயதில பறிக்கிறதோ உங்கட வேலை? திறப்பு வெட்டத் தெரிஞ்சால் திறப்பை வெட்டுங்கோ."

அவா சொன்னதிலயும் நியாயம் இருந்தது. ஆனால் எனக்கு ஆறேல்லை. சின்னண்ணை போய் நாலைஞ்சு வருசத்துக்குப் பிறகு ஒரு மனுசன் எங்கட வீட்டுப் படலைக்கு வந்து, அம்மாவைப் பாத்து ஏதோ சொல்ல வெளிக்கிட்டு, சொல்லாமல் திரும்பிப் போனவராம். அம்மா சாகுமட்டும் அந்த மனுசனைப் பற்றித்தான் கதைச்சவா. அவர் நல்லவரோ கெட்டவரோ, என்ன செய்தவரோ, எனக்கு அதெல்லாம் வேண்டாம். இடத்தைச் சொல்லியிருக்கலாம். மதாமில எனக்குக் கோபம் கோபமா வந்தது, சும்மா சொல்லக்கூடாது.

6

மூண்டு கிழமைக்குப் பிறகு, ஒரு மழை நாள் மத்தியானம், மதாம் கடைக்கு வந்தா. பொன்ஜூர் இல்லை, ஒண்டும் இல்லை. ஆக்கள் இரண்டு பேர் வரிசையில நிண்டவை. அவையைத் தாண்டி வந்து, "கதவைச் சாத்துங்கோ" எண்டா. என்ர கடைக்குக் கதவே கிடையாது, இழுத்து விடுற சட்டர்தான். பாதிக்கு இழுத்தன். வரிசையில நிண்டவை முணுமுணுத்துக்கொண்டு போச்சினம். சப்பாத்துப் போட்டுப் பாக்கிற ஸ்டூலில அவவை இருத்தினன்.

"சிகரெட் கதை என்ர அம்மா கட்டினது" எண்டா. "எங்களுக்குச் சின்ன வயதில சொல்லுறதுக்கு. அப்பா ஆமெண்டும் சொல்லேல்லை, இல்லையெண்டும் சொல்லேல்லை. சாகிறதுக்கு இரண்டு கிழமைக்கு முதல் ஆஸ்பத்திரியில எனக்கு வேற ஒண்டு சொன்னவர். நான் இருபது வருசமா ஒருத்தருக்கும் சொல்லேல்லை. என்ர பெடியளுக்கும் தெரியாது."

நான் ஓடின மெசினை நிப்பாட்டினன். எனக்குப் பேசாமல் நிக்கிறது எவ்வளவு கஷ்டம் எண்டு உங்களுக்குத் தெரியும்.

ஒரு அப்பிள் தோட்டமாம். அந்தப் பெடியன் மரத்தில சாஞ்சபடி செத்துக் கிடந்தானாம். எல்லாரும் ஏதோ ஒண்டு எடுத்தவையாம், ஒருத்தன் மணிக்கூடு, ஒருத்தன் இடுப்புப் பட்டி. தகப்பன் தகட்டைக் கழட்டினவராம். அவருக்கும் அப்ப இருபது வயது. அண்டிரவு நித்திரை வரேல்லையாம். விடிய ஒரு சவளோட தனியப் போய்ப் புதைச்சவராம். தோட்டத்து ஓரத்தில கல்லால கட்டின மாட்டுக் கொட்டிலின்ர மூலையிலயிருந்து, கிணத்துப் பக்கமா எட்டி வைச்சு நடந்தால் ஐஞ்சு எட்டு. வெயில் படாமல் தலையைச் சுவர்ப் பக்கம் வைச்சவராம். மூடி முடிஞ்சாப்பிறகுதான் தகடு தன்ர பொக்கற்றில இருக்கிறது ஞாபகம் வந்ததாம். திரும்பக் கிண்ட மனம் வரேல்லையாம்.

"ஊரின்ர பேர்?"

சொன்னா. நான் பற்றுச்சீட்டுப் புத்தகத்தின்ர பின்பக்கத்தில எழுதினன்.

"ஆனால் ஒண்டு, மிஸ்யூ. அப்பாவுக்கு அப்ப வலிக்கு மருந்து ஏத்தினவை. சில நேரம் தன்ர தாயோட கதைச்சுக்கொண்டிருப்பார். கழட்டினது உண்மை, தகடு இந்தா என்ர கைப்பைக்குள்ள இருக்குது. புதைச்சது உண்மையோ, சாகிற நேரம் தன்ர மனத்தைத் தேற்றச் சொன்னதோ, எனக்குத் தெரியாது. நீங்கள் எழுதி, அவை போய்க் கிண்டி, அங்க ஒண்டும் இல்லையெண்டால், எனக்குக் கழட்டின அப்பா மட்டும்தான் மிஞ்சுவார். விளங்குதோ?"

விளங்கினது. அவா என்னத்தை என்ர மேசையில கொண்டுவந்து வைக்கிறா எண்டு எனக்கு நல்லா விளங்கினது. எழுதாட்டி அவவுக்கு இரண்டு அப்பாவும் இருப்பினம்.

அதனாலதான் சொன்னன், "மதாம், 'என்ர அப்பா கண்டெடுத்தார்' எண்டு எழுதுவம். அது பொய்யில்லைத்தானே. இடம் மட்டும் சரியா இருந்தால் காணும்."

அவா தலையாட்டினா, இல்லையெண்டு. "கழுத்திலயிருந்து எடுத்தவர் எண்டு எழுதுங்கோ. அந்தத் தங்கச்சிக்காரி எண்பது வருசம் பாத்துக்கொண்டிருந்தவா. அவவுக்கு ஆரிட்டைக் கோவிக்கிறதெண்டாவது தெரியட்டும்."

அவா பிரெஞ்சில சொல்லச் சொல்ல நான் ஜெர்மனில எழுதினன். குசினி ஜெர்மன்தான். சிவத்துக்கு வாசிச்சுக் காட்டேல்லை, ஒரு சொல்லும் திருத்தேல்லை. தகட்டை முறிக்காமல் பஞ்சில சுத்தி, கடிதத்தோட பதிவுத் தபாலில அனுப்பினம். தபால் கந்தோர் மட்டும் அவா என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு வந்தவா.

7

கோடை முழுக்க நான் மனுசனா இருக்கேல்லை. அபியும் என்னோட சேர்ந்திட்டாள். வானத்திலயிருந்து எடுத்த படத்தில அந்த ஊரைப் பெருப்பிச்சுப் பெருப்பிச்சுத் தேடி, அப்பிள் மரங்களுக்குப் பக்கத்தில ஒரு இடிஞ்ச கற்சுவரைக் கண்டுபிடிச்சது அவள்தான். "அப்பா, இஞ்ச வாங்கோ" எண்டு அவள் கூப்பிட்ட கூப்பாட்டில நான் தேத்தண்ணியை ஊத்திப்போட்டன். அதுதான் இடமோ எண்டு தெரியாது. ஆனாலும் நாங்கள் இரண்டு பேரும் அந்தச் சுவரைத் தினமும் போய்ப் பாத்தம்.

புரட்டாசியில அங்க சண்டைக்காலப் புதைகுழி தேடுற ஆக்கள் போகினம் எண்டு ஒரு வரி வந்தது. பேந்து சத்தமே இல்லை. மதாம் கடைப்பக்கம் வாறதை விட்டிட்டா. நான் தொலைபேசி எடுத்தாலும் "செய்தி இருந்தால் மட்டும் எடுங்கோ" எண்டு சொல்லிப்போட்டா.

போன செவ்வாய்க்கிழமை காலமை, கடை திறந்து கொஞ்ச நேரத்தில, என்ர தொலைபேசிக்கு மின்னஞ்சல் வந்தது. நிண்ட நிலையிலயே வாசிச்சன். கொட்டில் மூலையிலயிருந்து கிணத்துப் பக்கமா ஐஞ்சு எட்டில ஒண்டும் இல்லையாம். ஆறாவது எட்டில சப்பாத்து. ஒரு மீற்றர் ஆழத்தில ஆள் முழுசா, ஒழுங்கா நீட்டிக் கிடத்தினபடி. கையள் நெஞ்சில. தங்கச்சிக்கு அறிவிச்சிட்டினம், அவா அழுதுபோட்டு, தகட்டை எடுத்த அந்தக் கனேடியப் பெடியன்ர பேர் என்ன எண்டு கேட்டாவாம். பூசை சொல்லேக்க அந்தப் பேரையும் சேர்க்கவேணுமாம்.

உண்மையைச் சொல்லுறன், முதலில எனக்கு வந்தது பொறாமை. சந்தோசத்தில துள்ளவேண்டிய மனுசன், சப்பாத்து அடிக்கிற மெசினைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு, அந்தத் தங்கச்சிக்காரியில எரிஞ்சு விழுந்தன். எங்கட அம்மாவுக்கு ஒரு சப்பாத்தாவது கிடைக்கேல்லையே எண்டு வாய்விட்டுச் சொல்லி அழுதன். பக்கத்துக் கோப்பிக் கடைப் பெட்டை ஓடி வந்து தண்ணி தந்தவள். குடிச்சன். குடிச்சாப்பிறகு துள்ளினன்.

துள்ளிக்கொண்டே மதாமுக்கு எடுத்தன். முதல் மணியிலயே எடுத்தா.

"மதாம், ஆள் இருக்கிறான். சொன்ன இடத்தில. ஒரு எட்டுத்தான் வித்தியாசம்."

மறுபக்கம் கதிரை ஒண்டு இழுபடுற சத்தம் கேட்டது.

"தலை?" எண்டு கேட்டா.

நான் மின்னஞ்சலைத் திரும்ப ஒருக்கால் பாத்தன், பிழை விடக்கூடாதெண்டு.

"சுவர்ப் பக்கம், மதாம்."



"அப்ப அப்பா எனக்குப் பொய் சொல்லேல்லை" எண்டா.